பதினொரு மணிக் குளிசை

சைரன் ஊதியபோது நிரோஜினிக்கு முதலில் நினைவு வந்தது ரொக்கட் அல்ல, தங்கச்சி. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தர்சிகாவுக்கு நோவு தொடங்கி ஒன்பது மணித்தியாலம்; சற்று முன்புதான் அவளுடைய புருஷன் சசிகரன், ‘உள்ளுக்குக் கொண்டு போட்டினம் அக்கா, என்னை வெளியில விட்டிட்டினம்’ என்று செய்தி அனுப்பியிருந்தான். அதற்குப் பதில் எழுத விரலைத் தூக்கிய நேரம் பார்த்து ஊதுகிறது. மணி பத்து ஐம்பது. ரொக்கட் விடுகிறவர்களுக்கும் சரி, சைரன் ஊதுகிறவர்களுக்கும் சரி, ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறதே என்ற இங்கிதம் கிடையாது. ஹைஃபாவில் சைரனுக்கும் வெடிக்கும் இடையில் கிடைப்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் எண்பத்தாறு வயதுக் கிழவரைச் சாய்கதிரையிலிருந்து கிளப்பி, செருப்பை மாட்டி, மருந்துப் பையைத் தோளில் போட்டு, இரண்டு மாடிப் படி இறக்கி, நிலத்துக்குக் கீழே இருக்கும் அறைக்குள் கொண்டுபோய் இருத்த வேண்டும். ஸலீம் கிழவரோ நாற்பது வருடம் இந்த மலை நகரத்தின் வளைவுகளில் பஸ் ஓட்டியவர். படியையும் பஸ் ஓட்டுகிற மாதிரியேதான் இறங்குவார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்து, பிறகுதான் அடுத்த காலை வைப்பார். ‘கெதியா வாங்கோ சபா’ என்றாள். சபா என்றால் இங்கே தாத்தா. நாலு வருடமாக அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, திட்டு வாங்கி, திருப்பியும் கொடுத்து, அவருக்கு அவள் இப்போது பேத்தியா தாயா என்று இருவருக்குமே தெரியாது. அவள் ஹீப்ருவில் பேசுவாள். அவர் யூதர்தான், ஆனால் கோபம் வந்தால் தான் பிறந்த பக்தாத்தின் அரபுக்குத் தாவிவிடுவார். இங்கே வருமுன் ஜோர்தானில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்தவள் என்பதால் அதுவும் அவளுக்கு விளங்கும். ஆனால் யார் எந்த மொழியில் பேசினாலும், அவள் தலைக்குள் வந்து விழும்போது எல்லாம் வன்னித் தமிழாகத்தான் விழும். கடைசிப் படியில் போனைப் பார்த்தாள். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, இரும்புக் கதவைத் தாண்டியதும் ஒன்றுகூட இல்லை.

உள்ளே நவால் ஏற்கெனவே வந்து, வலப்பக்க வாங்கில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாடி நவால். முப்பது வருடம் சந்தைத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த அரபுப் பெண்மணி. எழுபது வயதிலும் சைரனுக்கு உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வருகிறவள். கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாம் தெற்கே சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது இவர்கள் மூன்று பேர். கிழவரை இடப்பக்க வாங்கில் இருத்தினாள். இடமும் வலமும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. இன்றோடு பத்தொன்பது நாள். அதற்கு முன் பன்னிரண்டு வருடமாக, தினமும் காலை பத்து மணிக்கு நவால் கீழே இறங்கி வருவாள், ஷேஷ்பெஷ் பலகை விரியும், தாயக்கட்டை உருளும், இரண்டு பேரும் அரபில் ஒருவரையொருவர் கள்ளன், கள்ளி என்று வாயாரத் திட்டிக்கொண்டே மதியம் வரை விளையாடுவார்கள். போர் தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. பிறகு காஸாவில் நவாலின் ஒன்றுவிட்ட தம்பியின் வீடு குண்டு விழுந்து அப்படியே தரைமட்டமானது. உள்ளே இருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள். கிழவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்கத்தான் மேலே போனார். நிரோஜினிதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். வாசலில் நின்று, ‘கேள்விப்பட்டன் நவால், நெஞ்சு வெடிக்குது’ என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘ஆனால் தொடக்கினது உங்கட ஆக்கள்’ என்றார். அந்த ‘ஆனால்’. நிரோஜினிக்கு அந்தச் சொல்லைத் தெரியும், நன்றாகவே தெரியும், முள்ளிவாய்க்காலைப் பற்றி அவள் வாய் திறந்த இடமெல்லாம் யாரோ ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார், பாவம்தான் ஆனால், அநியாயம்தான் ஆனால். நவால் கத்தவில்லை. ‘உன்ட பேரன் ஈதான் பட்டாளத்தில ஆரின்ட வீட்டுக்கு மேல குண்டு போடுறான் எண்டு கேட்டனியோ? என்ட அப்பா பிறந்த வீட்டை இடிச்ச இடத்தில இண்டைக்குச் சுற்றுலா வாற ஆக்கள் சாப்பிட மேசை போட்டிருக்கு, நான் போய் அந்த மேசையில இருந்து சாப்பிட்டிட்டு வாறன், உன்னட்டை ஒருநாளாவது அதைப் பற்றிக் கதைச்சனானோ?’ என்றாள். ‘பக்தாத்தில எங்கட வீட்டில இப்ப ஆர் படுத்தெழும்பினம் எண்டு நானும் கதைக்கேல்லைத்தானே. எங்களை ஆளுக்கு ஒரு பெட்டியோட கலைச்சவங்கள்’ என்றார் கிழவர். கதவு சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து ஷேஷ்பெஷ்ஷில் கிழவருக்கு எதிரே நிரோஜினி உட்காருகிறாள், தோற்கிறாள், அவள் தோற்கத் தோற்க அவருக்குக் கோபம் கூடுகிறது, ‘நீ விளையாடேல்லை, நித்திரை கொள்ளுறாய்’ என்கிறார், மேலே கேட்கும் காலடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு.

தூரத்தில் இரண்டு வெடி. வானத்தில் வைத்தே உடைக்கிறார்கள், அது வேறு சத்தம், நிலத்தில் விழுவது வேறு சத்தம், பிரித்துச் சொல்ல அவளுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. இந்த அறைக்கு இந்த ஊரில் வேறு பெயர் இருக்கிறது. அவள் வாயில் அது பங்கர்தான். ஆனால் என்ன பங்கர் இது, வெள்ளையடித்த சுவர், மின்விசிறி, வாங்கு, மூலையில் தண்ணீர்ப் போத்தல்; வன்னியில் அவர்கள் வெட்டியது நெஞ்சளவுக் குழி, மேலே பனங்குற்றி, அதன் மேல் அம்மாவின் கூறைச்சேலையில் தைத்த மண்மூட்டை. கிபிர் விமானம் வரும்போது காதில் விரலை விட்டு வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த விமானம் செய்தது இந்த நாட்டில்தான் என்று இங்கே வந்த பிறகே அறிந்தாள். அன்று கிழவருக்குச் சவரம் செய்யும்போது கத்தியைக் கன்னத்தருகில் நிறுத்தினாள், பாவம் மனிதர், பஸ்தானே ஓட்டினார், என்று நினைத்தாள், பிறகு எல்லாரும் ஏதோ ஒன்றைத்தானே ஓட்டினார்கள் என்றும் நினைத்தாள், பிறகு கன்னத்தைத் துடைத்துவிட்டாள். தர்சிகாவுக்கு அப்போது பதினாறு. அம்மா எங்கிருந்தோ ஒரு கடதாசிச் சரை கற்கண்டு வைத்திருந்தாள், கோயில் கற்கண்டு. செல்குண்டு விழத் தொடங்கினால் ஒன்றை எடுத்து நிரோஜினியின் கையில் தருவாள். அதைப் பல்லால் கடித்து இரண்டாக்க வேண்டும், பாதி அக்காவுக்கு, பாதி தங்கச்சிக்கு. எத்தனை கவனமாகக் கடித்தாலும் தர்சிகா தன் பாதியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, அக்காவின் பாதியைப் பார்த்து, ‘உன்ட பாதிதான் பெரிசு’ என்பாள். தலைக்கு மேல் உலகம் கிழிந்துகொண்டிருக்கும், அவளுக்கு அதுதான் கவலை. நிரோஜினிக்குச் சிரிப்பு வந்துவிடும். குழிக்குள் சிரித்தது பற்றி யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் சிரித்தார்கள், மூன்று பேரும். அம்மா அந்த மே மாதத்தைத் தாண்டவில்லை. தர்சிகா தாண்டினாள், கலியாணம் கட்டினாள், பதினொரு வருடம் காத்திருந்தாள், மூன்று தரம் வயிற்றில் தங்கித் தங்கிக் கலைந்தது, இப்போது நாலாவது, முழுசாக ஒன்பது மாதம், இன்று. இதை நினைக்க நினைக்க நிரோஜினியின் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அடக்கினாள். சந்தோஷம் முகத்தில் தெரிந்தால் யார் கண்ணாவது பட்டுவிடும்.

முதல் தரம் பட்டதே அப்படித்தான். மூன்று மாதத்திலேயே தர்சிகாவின் மாமியார் பூரிப்பில் ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டாள், பத்து நாளில் எல்லாம் முடிந்தது. அம்மா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது: பிள்ளை பிறந்த பிறகுதான் கற்கண்டை வெளியில் எடுக்கலாம், எடுத்த உடனே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும், பிறக்க முந்தி ஒரு கல்லும் ஒருவர் வாயிலும் படக்கூடாது. அதனால் இந்த முறை ஒன்பது மாதமும் நிரோஜினி மூச்சு விடவில்லை, கிழவருக்கும் தெரியாது, நவாலுக்கும் தெரியாது. டெல் அவிவில் ஒரு மங்களூர்க்காரர் கடையில் வாங்கிய கற்கண்டை யார் கண்ணிலும் படாமல் வெறும் குளிசைப் போத்தல் ஒன்றில் போட்டு மருந்துப் பையின் அடியில் வைத்திருந்தாள். மருந்துப் போத்தலில் யார் கண் படும்? தன் கெட்டித்தனத்தை அவள் மெச்சிக்கொண்டிருக்கும்போதே கிழவரின் கைக்கடிகாரம் கிக்கிக் என்றது. பதினொரு மணி. பதினொரு மணிக்குப் பிரஷர் குளிசை. ‘இருங்கோ சபா, எடுத்துத் தாறன்’ என்று அவள் வாய் சொல்கிறது, கண் போனில் இருக்கிறது, இல்லாத கோடு வந்துவிட்டதா என்று. கிழவர் பொறுமை இல்லாதவர். பைக்குள் கையை விட்டார், போத்தலைத் திறந்தார், வாயில் போட்டார். அடுத்த நொடி அந்த அறையில் கேட்டது ரொக்கட் சத்தமல்ல. கறுக் என்ற சத்தம். கிழவர் கண்ணை விரித்தார். மென்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ‘இதென்ன குளிசை, இனிக்குது. டொக்டர் இவ்வளவு நாளும் இதை ஏன் தரேல்லை?’ என்று இன்னொன்றுக்குக் கையை விட்டார். நிரோஜினி எழும்ப முன்னமே வலப்பக்க வாங்கில் இருந்து ஒரு குரல் பாய்ந்தது. ‘உனக்கு விசரா? சீனி வருத்தக்காரன், அது சீனிக்கட்டி. துப்படா.’ பத்தொன்பது நாளுக்குப் பிறகு நவால் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

‘துப்பமாட்டன்’ என்றார் கிழவர். ‘செத்துப் போவாய்.’ ‘நல்லது, உனக்குச் சந்தோஷம்தானே.’ ‘எனக்கென்ன சந்தோஷம், ஷேஷ்பெஷ்ஷில நீ எனக்கு நாலு ஆட்டம் பாக்கி, அதைத் தோத்திட்டுச் சாவு.’ நிரோஜினிக்கு இதெல்லாம் காதில் விழுந்தும் விழவில்லை. போச்சு. ஒன்பது மாதம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு கறுக்கில் போச்சு. அங்கே இன்னும் பிறக்கவில்லை, இங்கே கற்கண்டு தின்றாயிற்று. ஒன்றுமில்லை, ஒரு கல் சீனிக்கும் ஒரு பிள்ளைக்கும் என்ன சம்பந்தம், அவள் பத்தாம் வகுப்பு வரை விஞ்ஞானம் படித்தவள். ஒன்றுமில்லை என்றால் அம்மா ஏன் அப்படிப் பயந்தாள். அம்மா எல்லாவற்றுக்கும் பயந்தாள். பயந்தவள் போனாளே, பயப்படாதவர்கள் இருக்கிறார்களே. தின்றது தெரியாமல்தானே, குளிசை என்றுதானே, தெரியாமல் தின்றது சேராது. சேருமா? யாரைக் கேட்பது? அவள் முகம் போன போக்கைப் பார்த்து இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டார்கள். ‘என்ன பிள்ளை?’ என்றாள் நவால். அவ்வளவுதான், உடைந்துவிட்டது, தங்கச்சி, பதினொரு வருடம், மூன்று தரம், ஒன்பது மணித்தியாலமாய் நோவு, கற்கண்டு, எல்லாம் ஹீப்ருவும் அரபும் தமிழுமாய்க் கொட்டியது. கொட்டும்போதே தெரிந்தது, இதுவும் பிழை, பிறக்க முந்தி வாயால் சொல்லவும் கூடாது. கிழவர் பதறிப்போய் அவள் வாயைப் பொத்துகிற மாதிரிக் கையை நீட்டினார். ‘சொல்லாதை, சொல்லாதை, பிறக்க முந்திச் சொல்லக்கூடாது’ என்று தூ, தூ, தூ என்று மூன்று தரம் துப்புகிற மாதிரிச் செய்தார். நவால் கைப்பைச் சங்கிலியில் கண்ணூறுக்காகத் தொங்கிய நீலமணியைக் கழற்றி நிரோஜினியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். நிரோஜினி தன் பங்குக்கு, கையில் செத்தல் மிளகாயும் உப்பும் இல்லாதபடியால், இருப்பதாக நினைத்துக்கொண்டு தன் தலையை மூன்று தரம் சுற்றினாள். ‘நீ துப்பினது காணாது’ என்றாள் நவால் கிழவரைப் பார்த்து. ‘உன்ட மணி பிளாஸ்டிக்’ என்றார் கிழவர். அதற்குள் மேலே இன்னொரு சைரன், இன்னும் பத்து நிமிடம் கதவு திறக்கக் கூடாது. பத்து நிமிடமும் மூன்று பேரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். எப்போது இடம் மாறினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. இடையில் கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, ‘அண்டைக்கு நான் அந்த ஆனாலைச் சொல்லியிருக்கக் கூடாது’ என்றார். ‘கூடாதுதான்’ என்றாள் நவால். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எழும்பிப் போகவும் இல்லை. நிரோஜினி அவருக்கு உண்மையான குளிசையை எடுத்துக் கொடுத்தாள், நவால் போத்தலை வாங்கிப் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் அவர் விழுங்கினார்.

கதவு திறந்தபோது பதினொன்று பதினான்கு. கிழவர் முன்னால், ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தம். அவருக்குப் பின்னால் நிரோஜினி. அவளுக்குப் பின்னால் நவால், ‘ஏறு, ஏறு, உன்ட பஸ்ஸுக்குப் பின்னால நாப்பது வருஷம் நிண்டது காணும்’ என்று. முதல் மாடித் திருப்பத்தில் யன்னல் இருக்கிறது. அந்த யன்னலடியில் கையில் இருந்த போன் அதிர்ந்தது. ஒரு தரம். பிறகு விடாமல் ஐந்தாறு தரம். நிரோஜினியால் பார்க்க முடியவில்லை. நீலமணி இருந்த கையை இறுக்கினாள், மூன்று தரம் இப்படித்தான் போன் வந்தது, மூன்று தரமும் ஒரே செய்திதான், நாலாவதையும் அந்த வரிசையில் வைத்துவிட்டால். நவால் அவள் கையிலிருந்து போனை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, திரையைத் தள்ளிப் பிடித்தாள். எழுத்து அவளுக்கு விளங்காது, படம் விளங்கியது. திரையை நிரோஜினியின் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆஸ்பத்திரித் துவாய்க்குள் சிவந்த ஒரு முகம், வாய் முழுக்கத் திறந்து, உலகத்தின் மேல் கடும் கோபத்தில். கீழே சசிகரனின் எழுத்துகள்: ‘பொம்பிளைப் பிள்ளை அக்கா. ரெண்டு பேரும் சுகம். 1.22க்குப் பிறந்தவ. எங்க நிக்கிறியள் அக்கா, ஏன் பதில் இல்லை.’ நிரோஜினி படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்று இருபத்திரண்டு. அங்கே ஒன்று இருபத்திரண்டு என்றால் இங்கே இரண்டரை மணித்தியாலம் குறைய வேண்டும், ஒன்றிலிருந்து இரண்டரை, விரலை மடக்கினாள், பிழைத்தது, திரும்ப மடக்கினாள். பத்து ஐம்பத்திரண்டு. கிழவரின் கைக்கடிகாரம் அடித்தது பதினொன்றுக்கு. கற்கண்டு கறுக்கென்று உடைந்தபோது அந்தப் பிள்ளை பிறந்து எட்டு நிமிடம். பிழை நடக்கவே இல்லை. வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டு அவள் வாங்கில் இருந்து பயந்த நேரம் முழுக்க அவள் ஏற்கெனவே பெரியம்மா. இதை அவள் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன, எது எது என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்க அவசியமும் இல்லை.

‘அப்ப இப்பதான் முறைப்படி தரவேணும்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போத்தலைத் திறந்தாள். பக்கத்து வீடு என்று நவாலுக்கு ஒரு கல் முதலில். கிழவர் கையை நீட்டினார். ‘உனக்கில்லை, நீ திண்டிட்டாய்’ என்றாள் நவால். ‘அது குளிசை. குளிசை சேராது’ என்றார் கிழவர், நீட்டிய கையை மடக்காமல். மலைக்கு அப்பால் எங்கோ தாமதமாக ஒரு வெடி, யன்னல் கண்ணாடி லேசாக நடுங்கியது, மூன்று பேரும் ஒரு கணம் காது கொடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். நவால் பெருமூச்சு விட்டாள், மருந்துக்கடை வைத்திருந்தவளின் பெருமூச்சு. கற்கண்டைப் பல்லிடுக்கில் வைத்து, உதட்டுச்சாயம் படாமல், கவனமாகக் கடித்து இரண்டாக்கி, ஒன்றைக் கிழவரின் உள்ளங்கையில் வைத்தாள். கிழவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவளுடைய கையில் இருந்ததைப் பார்த்தார்.

‘உன்ட பாதிதான் பெரிசு’ என்றார்.